ஓய்வுக் காலப் பணம்: ‘ஹலால்’ என்ற பலகை மட்டும் போதுமா?



முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் ஒருவரின் வாழ்வில் ஒரு புதுமையான வாரம் வருவதுண்டு. அதுவரை மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிட்டவரின் வங்கிக் கணக்கில் வருங்கால வைப்புநிதியும், பணிக்கொடையும், விடுப்புச் சம்பளமும் ஒருசேர வந்து சேரும். வாழ்நாளில் அவர் பார்த்திராத பெருந்தொகை அது.

அது வெறும் பணமன்று. மனைவியுடன் நிறைவேற்ற எண்ணியிருக்கும் ஹஜ் அதனுள் இருக்கிறது. இளைய மகளின் நிக்காஹ் இருக்கிறது. முதுமையில் வரப்போகும் மருத்துவச் செலவு இருக்கிறது. பெற்ற பிள்ளைகளிடமும் கையேந்தாமல் வாழ்ந்து முடிக்க வேண்டும் என்ற தன்மானமும் இருக்கிறது.

அதே வாரத்தில்தான் வாசற்கதவும் தட்டப்படுகிறது. தூரத்து உறவினர் வருகிறார். பள்ளிவாசலில் பக்கத்து வரிசையில் தொழுபவர் வருகிறார். “வட்டியே இல்லை, முழுக்க ஹலால், மாதம் தவறாமல் இலாபம்” என்கிறார். வட்டிக்கு அஞ்சி வாழ்ந்த நெஞ்சுக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்?

இந்த இடத்தில்தான் நீங்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். ஏன் நிற்க வேண்டும் என்பதையும், நின்றபின் எத்திசையில் நடக்கலாம் என்பதையும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயிலாப்பூர் கற்றுத் தரும் பாடம்

சென்னை நகரம் பணத்தைச் சேர்க்கவும் கற்றுத் தந்திருக்கிறது. இழக்கவும் கற்றுத் தந்திருக்கிறது. 1906 அக்டோபரில் இந்நகரின் பெருமைமிக்க ஆங்கிலேயே நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி முறிந்து வீழ்ந்தது. வெள்ளைக்காரர் நிறுவனம், நூற்றாண்டுப் பெயர் என்று நம்பிப் பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதனுடன் மூழ்கியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்ததே, மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முன்முயற்சியில் 1907இல் தோன்றிய இந்தியன் வங்கி.

அதே மயிலாப்பூரில் 1872இல் தொடங்கப்பட்டது ‘மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட்’ என்னும் நிதி நிறுவனம். தாத்தா போட்டார், தந்தை போட்டார், நானும் போடுகிறேன் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பிய பெயர் அது. 152 ஆண்டுகள் கடந்து, 2024இல் வைப்புத்தொகை திரும்பி வரவில்லை என்று ஓய்வுபெற்ற முதியவர்கள் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவை நாடினர். ஆகஸ்ட் மாதத்தில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு வேண்டியது பாடம் மட்டுமே: வயதான பெயர் பணத்துக்குக் காவல் ஆகாது.

“அது வட்டி நிறுவனம், நமக்கு என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். அப்படியானால் 2019க்கு வாருங்கள்.

அந்தக் கோடைக்காலம்

தியாகராய நகரில் நடந்தால் உஸ்மான் சாலை, ஹபீபுல்லா சாலை, பசுல்லா சாலை என்று நம் சமுதாயப் பெரியோர்களின் பெயர்களைத் தாங்கிய தெருக்களைக் காண்கிறோம். அந்தத் தியாகராய நகரில் ரூபி ஜுவல்லர்ஸ் என்ற நகைக்கடை இருந்தது. நகையை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் மதிப்பில் ஒரு பகுதியை வட்டியில்லாக் கடனாகக் கொடுப்பது அதன் முறை. அடகுக் கடைக்குப் போனால் வட்டி கட்ட வேண்டுமே என்று அஞ்சிய முஸ்லிம் குடும்பங்கள், குறிப்பாகத் தாய்மார்கள், அங்கே நகைகளைக் கொண்டுபோய் வைத்தனர். 2019 கோடையில் கடை மூடப்பட்டது. கழுத்திலும் கையிலும் கிடந்த தங்கத்தைத் தேடி, மூடிய கதவின் முன்னால் அவர்கள் நிற்க நேர்ந்தது.

அதே ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில், ஜூன் மாதத்தில், பெங்களூரிலிருந்து அடுத்த செய்தி வந்தது. ‘ஐ.எம்.ஏ.’ என்று அழைக்கப்பட்ட ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனம் 2006இல் தொடங்கப்பட்டது. நகைக்கடை, மருந்துக்கடை, பேரங்காடி என்று விரிந்தது. அரசுப் பள்ளி ஒன்றைத் தத்தெடுத்துப் புதுப்பித்து நற்பெயரும் பெற்றது. பணம் போட்டவர்களைத் தாளில் ‘பங்குதாரர்’ என்று எழுதிக்கொண்டது. மாதந்தோறும் ‘இலாபம்’ அனுப்பியது. அதன் நிறுவனர் மன்சூர் கான் நாட்டை விட்டுச் சென்றபின்தான் உண்மை வெளிப்பட்டது. ஜூலையில் தில்லி திரும்பியபோது அவர் கைதானார். பல்லாயிரம் முதலீட்டாளர்களின், ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் அதில் சிக்கியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

பேராசையால் ஏமாந்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. சிலர் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் தம் வளையலைக் கழற்றிக் கொடுத்த அந்தத் தாய்மார்கள் எந்தப் பேராசையும் படவில்லை. பாவத்திலிருந்து விலகி நிற்க விரும்பியதொன்றே அவர்கள் செய்தது. அவர்களுடைய அந்தத் தக்வாவையே ஒருவர் வியாபாரச் சரக்காக்கினார் என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி.

சட்டமும் ஷரீஅத்தும் சந்திக்கும் இடம்

சற்று ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஐ.எம்.ஏ. போன்ற திட்டங்களை அடையாளம் காணப் பொருளாதார மேதையாக வேண்டியதில்லை. நம் மார்க்கச் சட்டத்தின் முதற்பாடமே போதும்.

ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, இலாபத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் வாணிபத்தை முளாரபா என்கிறோம். அதில் இலாபத்தை எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி எனலாம், மூன்றில் ஒன்று எனலாம். ஆனால் ‘நீ போட்ட முதலுக்கு மாதம் இவ்வளவு ரூபாய் நிச்சயம்’ என்று பேசக்கூடாது. நட்டம் வந்தால் முதல் போட்டவர் அதை ஏற்க வேண்டும். உழைத்தவருக்கு உழைப்பு வீணாகும். இதில் ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியாயின், “ஹலாலான இலாபம், மாதம் தவறாது, முதலுக்கு முழு உத்தரவாதம்” என்று ஒருவர் சொல்லும்போது அவர் தம்மையறியாமலே இரண்டு உண்மைகளைச் சொல்கிறார். ஒன்று, இது ஹலால் அன்று. இரண்டு, இது பாதுகாப்பானதும் அன்று. உண்மையான வியாபாரம் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். ஏற்ற இறக்கமே இல்லாமல் பணம் வந்துகொண்டிருந்தால், அது வியாபாரத்திலிருந்து வரவில்லை. உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவரின் முதலிலிருந்து வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சிறிது. அதை எடுக்காமல் விட்டுவைத்தால் ரூ.1 லட்சம் ஐந்தாண்டில் ஏறத்தாழ ரூ.5.89 லட்சம் ஆக வேண்டும். உங்களுக்கு இதைத் தந்து, தமக்கும் இலாபம் எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் நேர்மையான வியாபாரம் எது? பர்மா பஜாரில் கடை வைத்திருக்கும் உங்கள் மாமாவிடம் கேளுங்கள். பெரியமேட்டுத் தோல் வியாபாரியிடம் கேளுங்கள். அவர்கள் சிரிப்பார்கள்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பணத்தைக் கையிலிருந்து விடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதற்கேள்வி: என் பணம் யார் கையில் இருக்கும்? திட்டத்தை நடத்துபவரும், பணத்தை வைத்திருப்பவரும், கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளா? அப்படியானால் விலகி விடுங்கள். செபியிடம் பதிவுபெற்ற பரஸ்பர நிதியில், நிதியை நடத்தும் நிறுவனம் வேறு, அறங்காவலர் வேறு, பங்குகளைக் காப்பில் வைத்திருக்கும் நிறுவனம் வேறு. நாட்டின் பல பரஸ்பர நிதிகளின் முதலீட்டாளர் கணக்கேடுகளைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனம் நம் சென்னையைச் சேர்ந்ததுதான். இலாபம் வரும் என்பதற்கு இந்த ஏற்பாடு உத்தரவாதம் தராது. ஆனால் ஒருவர் ஓரிரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவதை இது மிகக் கடினமாக்குகிறது.

இரண்டாம் கேள்வி: இலாபம் எந்தப் பொருளிலிருந்து, எந்த உழைப்பிலிருந்து வருகிறது? தெளிவான விடை இல்லையேல், ‘அது வியாபார இரகசியம்’ என்றால், ஸலாம் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாம் கேள்வி: நட்டம் வந்தால் என்ன ஆகும்? எனக்குத் தேவைப்படும்போது எத்தனை நாளில் பணம் திரும்பும்? “நட்டமே வராது” என்பவரைவிட, “வரலாம், இந்த அளவுக்கு வரலாம்” என்பவரே நம்பத்தக்கவர்.

பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறும் நிறுவனம் பற்றி ஐயம் இருந்தால், ரிசர்வ் வங்கி 2016இல் தொடங்கிய ‘சசேத்’ இணையத்தளத்தில் பார்க்கலாம், புகாரும் தரலாம். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; அதற்கெனத் தனி நீதிமன்றமும் இருக்கிறது. ஆயினும் வழக்கு முடிந்து பணம் வருவதற்குள் முதுமை முடிந்துவிடக்கூடும். எனவே வருமுன் காப்பதே அறிவுடைமை.

‘வரிக்காகத்தான் சேர்ந்தேன்’ என்பவர்களுக்கு

வட்டித் திட்டங்களில் சேர்ந்த நம்மவர் பலர் நெடுங்காலம் சொல்லிவந்த ஒரு சமாதானம் உண்டு. “என்ன செய்வது? வருமான வரி மிச்சமாக வேண்டுமே!” என்பார்கள். பொது வருங்கால வைப்புநிதி, ஐந்தாண்டு வங்கி வைப்பு, காப்பீட்டுப் பாலிசி ஆகியவற்றில் போட்டால் ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரை வருமானத்தில் கழிவு கிடைத்தது.

இன்று அந்தச் சமாதானம் பெருமளவு வலுவிழந்துவிட்டது. 2023–24 நிதியாண்டு முதல், நாம் வேறு கேட்காத வரை புதிய வரிமுறையே நமக்குப் பொருந்தும். அதில் வரிவிகிதம் குறைவு. ஆனால் மேற்சொன்ன முதலீடுகளுக்குக் கழிவு இல்லை. 2025–26 நிதியாண்டுக்கு இம்முறையில், பங்கு விற்ற ஆதாயம் போன்ற தனி விகித வருமானங்கள் நீங்கலாக, ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் நிலைக்கழிவு ரூ.75,000 சேர்ந்து ரூ.12.75 லட்சம் ஆகிறது. ஆக, நடுத்தரக் குடும்பம் ஒன்று வரிக்காக வட்டியை நாட வேண்டிய கட்டாயம் நீங்கியிருக்கிறது. வீட்டுக்கடன், பழைய பாலிசி முதலியவை உள்ளவர்கள் மட்டும் எந்த முறை தமக்கு ஏற்றது என்று தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சம்பளத்தில் பிடிக்கப்படும் தொழிலாளர் வருங்கால வைப்புநிதி பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஊழியர் 12 சதவீதம் தர, நிறுவனமும் அதே அளவு தருகிறது. கட்டாயமாகப் பிடிக்கப்படும் இத்தொகை ஊழியர் கைக்கே வராமல் செல்வதால், அதன்மேல் சேரும் கூடுதல் தொகை ஊதியத்தின் பகுதியே, வட்டி ஆகாது என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்ற பெரியார்கள் விளக்கியிருக்கிறார்கள். இதற்கெனத் தனி நூலே எழுதியவர் அவர். ஆனால் கட்டாயத்துக்கு மேல் நாமாக விரும்பிச் சேர்க்கும் தொகைக்கு அந்த விளக்கம் பொருந்துமா என்பதில் எச்சரிக்கை தேவை. 15 ஆண்டுக்கால பொது வருங்கால வைப்புநிதியோ நாமாக முன்வந்து சேர்வது. வட்டி விகிதம் அறிவிக்கப்பட்டே தரப்படுவது. ஆகவே அதை ஆலிம்கள் பெரும்பாலோர் தவிர்க்கச் சொல்கிறார்கள். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பங்குகளைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தாலும், அந்தப் பங்குகள் ஷரீஅத் அளவுகோலால் வடிகட்டப்பட்டவை அல்ல; ஓய்வின்போது ஒரு பகுதியை ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட வேண்டிய நிபந்தனையும் உண்டு. உங்கள் நிலைமையை விவரித்து, நீங்கள் நம்பும் ஆலிமிடம் நேரில் விளக்கம் பெறுங்கள்.

அப்படியானால் எங்கே போடுவது?

பணத்தை அலமாரியில் பூட்டி வைப்பது விடையாகாது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், இன்று ரூ.1 லட்சத்துக்கு வாங்கும் பொருளை இருபது ஆண்டு கழித்து வாங்க ஏறத்தாழ ரூ.2.65 லட்சம் வேண்டும். ஜகாத்தும் ஆண்டுதோறும் இரண்டரை சதவீதம் கடமையாகிறது. செல்வம் தேங்கிக் கிடக்காமல் உழைக்க வேண்டும் என்ற ஞானம் அதில் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் வட்டியில்லா வங்கி இல்லை. 2008இல் ரகுராம் ராஜன் குழு அதற்குப் பரிந்துரை செய்தும், அந்த யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று முடிவெடுத்திருப்பதாக ரிசர்வ் வங்கி 2017இல் தெரிவித்துவிட்டது. ஆயினும் பங்குச்சந்தை வழியே ஒரு வாயில் திறந்திருக்கிறது.

ஷரீஅத் அளவுகோலால் வடிகட்டிய பங்குகளில் மட்டுமே முதலீடு செய்யும் நிதிகள் சில இங்கே இயங்குகின்றன. டாடா எத்திக்கல் ஃபண்ட், டாரஸ் எத்திக்கல் ஃபண்ட், நிஃப்டி 50 ஷரீஅத் குறியீட்டைப் பின்தொடரும் ‘ஷரீஅத் பீஸ்’ ஆகியவை அவற்றுள் சில. வங்கி, வட்டி நிறுவனம், மது, புகையிலை, சூதாட்டம் ஆகிய தொழில்கள் முதலிலேயே நீக்கப்படும். எஞ்சிய நிறுவனங்களிலும் அளவுக்கு மீறிய வட்டிக்கடன் உள்ளவை, வட்டி வருமானம் மிகுந்தவை கழிக்கப்படும். கடன் நாலில் ஒரு பங்கா, மூன்றில் ஒரு பங்கா என்பது அளவுகோலுக்கு அளவுகோல் மாறும். தவிர்க்க முடியாமல் கலந்துவிடும் சிறு வட்டிப் பகுதியைக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துத் தூய்மைப்படுத்துமாறு அறிஞர்கள் கூறுகிறார்கள்.

வரி நிலையும் கடுமையன்று. 2024 ஜூலையில் வந்த விதிப்படி, இத்தகைய பங்கு நிதியை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரை ஆதாயத்துக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம்.

ஆனால் ஏமாறாதீர்கள், இதிலும் நட்டம் உண்டு. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே அக்டோபரில் 9,000க்கும் கீழே விழுந்தது. மீண்டும் 21,000ஐ எட்ட 2010 நவம்பர் ஆயிற்று. 2020 மார்ச்சிலும் இப்படியொரு வீழ்ச்சி வந்தது. பொறுத்திருந்தவர் மீண்டார், பயந்து விற்றவர் இழந்தார், அடுத்த மாத அரிசிப் பணத்தை அதில் போட்டிருந்தவரோ விற்காமல் இருக்கவே முடியவில்லை.

ஆகவே ஓய்வுபெற்றவர் பணத்தை மூன்றாகப் பிரிப்பது நலம். இரண்டு ஆண்டுகளுக்கான குடும்பச் செலவும் மருத்துவச் செலவும் எந்நேரமும் எடுக்கத்தக்கதாக வங்கியில் இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை காப்புறுதி உண்டு. 2020 பிப்ரவரி முதல் இந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது. எனவே ஒரே வங்கியில் குவிக்காதீர்கள். அங்கே சேரும் வட்டியை உங்கள் உணவில் கலக்காமல் பிரித்து வெளியேற்றிவிடுங்கள். இரண்டாம் பகுதி, தங்கக் கட்டி அல்லது நாணயம், வாடகை தரும் சிறு கட்டடம் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் இருக்கலாம். ஆனால் மயிலாப்பூரிலோ அடையாறிலோ முழுப்பணத்தையும் கொட்டி ஒரு வீடு வாங்கிவிட்டால், மருத்துவமனையில் அதன் ஒரு சுவரை விற்றுப் பணம் கட்ட முடியாது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மூன்றாம் பகுதி, குறைந்தது ஏழெட்டு ஆண்டுகள் தொடத் தேவையில்லாத பணம் மட்டும், ஷரீஅத் நிதிகளுக்குச் செல்லட்டும். அதையும் ஒரே நாளில் போடாமல் ஓராண்டுக்குப் பிரித்துப் போடுங்கள்.

பனகல் பூங்காவைச் சுற்றிலும் நடக்கும் நகைச்சீட்டு பற்றி ஒரு சொல். அது 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் உண்டு. ஓராண்டைத் தாண்டினால் அந்த முன்பணம் சட்டப்படி வைப்புத்தொகையாகிவிடும், நிபந்தனைகள் கூடிவிடும். திருமணத்துக்கு நகை சேர்க்க அது உதவலாம். ஓய்வுக்காலச் சேமிப்புக்கு அது இடமன்று.

இளந்தம்பதியருக்கு

அடையாறில் மத்திய கைலாஷ் முனையிலிருந்து தொடங்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் ஆயிரமாயிரம் இளைஞர்கள் பணிக்குச் செல்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து வாடகை வீட்டில் குடியேறிய நம் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஓய்வு என்பது கனவுபோல் தூரத்தில் தெரியும். ஆனால் காலமே அவர்களுடைய பெரிய மூலதனம். வேலை இழந்தாலும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் தொகையை முதலில் சேருங்கள். பிறகு மாதம் ரூ.500 என்றாலும் போதும், ஷரீஅத் நிதியொன்றில் தவணை முறையில் தொடங்குங்கள். சம்பளம் ஏறும்போது தொகையையும் ஏற்றுங்கள். 2013 முதல் ஒவ்வொரு நிதியிலும் முகவர் தரகில்லாத ‘நேரடித் திட்டம்’ உண்டு. செலவு அதில் குறைவு. நிரந்தரக் கணக்கு எண்ணும் ஆதாரும் வங்கிக் கணக்கும் இருந்தால் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

வேலை மாறும்போது வருங்கால வைப்புநிதியை உடைத்துத் தொலைபேசி வாங்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தொடர்ந்து ஐந்தாண்டு பணிக்காலம் நிறைவுறுமுன் எடுத்தால் பொதுவாக அது வரிக்கும் உட்படும்.

எழுதி வையுங்கள், சொல்லி வையுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே அது (2:282). நம் வீடுகளிலோ கணவரின் முதலீடு எங்கே என்று மனைவிக்குத் தெரிவதில்லை, கேட்டால், “உனக்கெதற்கு?” என்ற பதில்! அவர் மறைந்தபின் இத்தா இருக்கும் நாட்களில் ஒரு பெண் ஒவ்வொரு தாளாகத் தேடி அழும் அவலம் எத்தனை வீடுகளில் நடக்கிறது!

ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் வங்கி, கணக்கு எண், முதலீடு, கொடுத்த கடன், வாங்கிய கடன், நிலுவை ஜகாத் அனைத்தையும் எழுதுங்கள். நியமனதாரர் பெயரைப் பதிவு செய்யுங்கள். அதேவேளையில் நியமனதாரர் வேறு, வாரிசு வேறு என்பதை வீட்டாருக்குச் சொல்லுங்கள். நியமனதாரராக இருப்பதாலேயே பங்குகளின் உரிமை ஒருவருக்கு வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றமும் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. பணத்தைப் பெற்றவர் அதை அமானிதமாகக் கருதி, மனைவி, பெண்மக்கள், தாய் ஆகியோருக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முதலீடு பற்றிய முடிவையும் வீட்டிலுள்ள பெண்களுடன் மஷூரா செய்யுங்கள். “இவ்வளவு இலாபம் எப்படி வரும்?” என்று சமையலறையிலிருந்து எழும் அந்த எளிய கேள்வி, பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கக் கூடியது.

சமுதாயத்துக்கு ஒரு வேண்டுகோள்

மலேசியாவில் ஹஜ்ஜுக்காகப் பணம் சேர்க்கும் ஏழை விவசாயிகள், வட்டிக்கு அஞ்சிப் பணத்தை வீட்டிலேயே ஒளித்து வைத்தனர். பயணத்துக்காக நிலத்தையும் கால்நடையையும் விற்றுத் திரும்பி வந்து வறுமையில் வாடினர். இதைக் கண்ட பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஸீஸ் 1959இல் ஒரு திட்டத்தை அரசுக்கு அளித்தார். 1963இல் அது நிறுவனமாயிற்று. இன்று ‘தாபுங் ஹாஜி’ என உலகம் அறியும். தக்வாவைக் குறைத்துக்கொள்ளும்படி அவர் மக்களிடம் சொல்லவில்லை. அந்தத் தக்வாவுக்குச் சட்டமும் கணக்கும் தணிக்கையும் உள்ள ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்தார்.

நம் ஜமாஅத்துகளும் தம்மால் இயன்றதைச் செய்யலாம். ஜும்ஆ முடிந்தபின் மாதம் ஒருமுறை, ஓர் ஆலிமையும் ஒரு கணக்குத் தணிக்கையாளரையும் அருகருகே அமர்த்தி மக்களின் கேள்விகளுக்கு விடை சொல்ல வைக்கலாம். எந்த நிறுவனத்துக்கும் பள்ளிவாசல் வளாகத்தில் விளம்பரம் செய்ய இடந்தராதிருக்கலாம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அன்பு வாசகர்களே, ‘இது ஹலாலா?’ என்று கேட்பது கடமை. ஆனால் பலகையிடம் கேட்காதீர்கள்; கணக்கிடம் கேளுங்கள். நிச்சய இலாபம் என்ற சொல் எங்கே ஒலிக்கிறதோ, அங்கே ஹலாலும் இல்லை, பாதுகாப்பும் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

நம் உழைப்பின் பலனைத் தூய்மையான வழியில் காக்கவும் வளர்க்கவும், முதுமையில் எவரிடமும் தேவையாகாத வாழ்வை அடையவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.